இடது ஸ்பீக்கரில் எப்சிபா

உப்புக்காற்றுக்குத் தப்பின இரும்பும் கிடையாது, எப்சிபா வாய்க்குத் தப்பின ஆளும் கிடையாது என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த தெரு தூத்துக்குடியின் சிப்பிக்கூடத் தெரு, அந்தத் தெருவில், மழைக்காலம் முடிந்து வெயில் திரும்பின ஒரு காலையில், எப்சிபா அடுப்படியில் நின்றுகொண்டு "மோட்டாரை அணைச்சியளா?" என்று கேட்டாள், கேள்வி அவள் வாயிலிருந்து வராமல் ஹாலில் இருந்த இடது ஸ்பீக்கரிலிருந்து வந்தது. நாற்காலியில் சாய்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அவள் புருசன் ஜெயசிங், "அணைச்சாச்சு" என்று ஸ்பீக்கரைப் பார்த்தே பதில் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டதற்கெல்லாம் ஸ்பீக்கரைப் பார்த்தே பதில் சொல்லிப் பழகின மனுசனுக்கு அதில் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? எப்சிபாதான் கரண்டியும் கையுமாக ஹாலுக்கு ஓடி வந்து, வாயைத் திறந்து காட்டி, தொண்டையைத் தொட்டுக் காட்டி, பிறகு ஸ்பீக்கர் பெட்டியைக் காட்டினாள். "ஐயோ, என்னன்னு பாருங்களேன்!" என்றது பெட்டி.

ஜெயசிங் உப்பளத்தில் தரம் பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கல் உப்பை நாக்கில் வைத்தால் போதும், எந்தப் பாத்தியில் விளைந்தது, எந்த மாசத்தில் வாரினது என்று சொல்லிவிடுவார்; நாக்கை அதற்கென்றே பத்திரப்படுத்தி வைத்திருந்தாரோ என்னவோ, பேச்சுக்கு அதை அதிகம் செலவழிக்க மாட்டார். உடைப்பதற்கு வந்த ஒரு கப்பலின் கேப்டன் அறையிலிருந்து ஏலத்தில் எடுத்த ஆம்ப்ளிஃபயரும், இரண்டு ஸ்பீக்கரும், அவற்றோடு வந்த கப்பல் ஒயரும்தான் அவருடைய ஆஸ்தி. கீர்த்தனையோ நாகஸ்வரமோ, ஒன்று போட்டுவிட்டு உட்கார்ந்தாரென்றால் வீடு தீப்பிடித்தாலும் அந்தப் பாட்டு முடிந்த பிறகுதான் எழுந்திருப்பார் என்று எப்சிபா பக்கத்து வீட்டுச் சண்முகவடிவிடம் சொல்வாள், அதைத் தெருவின் கடைசி வீடு வரைக்கும் கேட்கிற மாதிரித்தான் சொல்வாள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "தொண்டை நல்லாத்தான் இருக்கு, குரல்தான் உள்ள இல்ல" என்று சொல்லி, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். உப்பு ஊரில் வேறென்ன சொல்வார்? சர்ச் ஐயர் வந்து ஜெபம்பண்ணினார். கையை எப்சிபா தலையில் வைப்பதா பெட்டியின் தலையில் வைப்பதா என்று ஒரு நிமிசம் யோசித்துவிட்டு, குரல் எங்கே இருக்கிறதோ அங்கேதானே சுகம் வேண்டும் என்று பெட்டியின் மேல் வைத்தார். ஜெபம் முடிந்ததும் பெட்டி ஆமென் சொன்னது, அவர் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் தெரு வாயைப் பிளந்தது, அதற்குப் பிறகு வேலையைப் பார்த்தது. வீட்டுக்கு வருகிற பெண்கள் எப்சிபாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஸ்பீக்கருக்கு எதிரே பாயை விரித்து உட்கார்ந்து பேசினார்கள். சண்முகவடிவு தன் மருமகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்துகொள்வாள். யாரோ ஒரு முழம் பிச்சிப்பூவை ஸ்பீக்கர் தலையில் சுற்றிவிட்டார்கள், அது வாடினதும் இன்னொருவர் மாற்றினார்கள். கரண்டு போனால் எப்சிபாவுக்குப் பேச்சு போய்விடுகிறது என்று தெரிந்ததும், தெருக்காரர்களே ஆளுக்கு ஒரு பக்கம் கைகொடுத்து ஓர் இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அது முழுக்க இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் லாரிக்காரன் அந்தத் தெருவில் ஒருத்தியின் குரலுக்குத்தான் பயப்படுவான். அந்தக் குரல் ஹாலுக்குள்ளேயே கிடந்தால் குடங்கள் என்னத்துக்கு ஆகும்?

அதனால் லாரி வருகிற நாளில் மைக் செட் பால்பாண்டி தள்ளுவண்டியைக் கொண்டுவந்தான். ஆம்ப்ளிஃபயர், இன்வெர்ட்டர், இடது ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஏற்றி, சப்பரம் இழுக்கிற மாதிரி தெருமுனைக்கு இழுத்துப் போனார்கள், எப்சிபா பக்கத்திலேயே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடந்தாள். "ஏலே, பாதித் தொட்டிய மேலத்தெருவுல கவுத்திட்டு இங்க காத்த விக்க வந்தியோ?" என்று பெட்டி கேட்டபோது லாரியின் கண்ணாடி அதிர்ந்தது. அன்றைக்குத் தெருவுக்கு நிரம்பத் தண்ணீர் கிடைத்தது.

தெருவுக்குத் தண்ணீர் கிடைத்தது, ஜெயசிங்குக்குப் பெண்டாட்டி கிடைத்தாள். ஆமாம், அப்படித்தான் சொல்லவேண்டும். எப்சிபா எங்கே போய் வாயைத் திறந்தாலும் சத்தம் வீட்டு ஹாலில்தான் விழும்; அவள் மார்க்கெட்டில் நின்று ஊளி மீனுக்குப் பேரம் பேசினால் மீன்காரிக்கு ஒன்றும் கேட்காது, இங்கே நாற்காலியில் இருக்கிறவருக்கு அத்தனையும் கேட்கும். அவள் காக்காயோடு பேசுவது அவருக்குத் தெரியாது, இப்போது தெரிந்தது. காலி சிலிண்டரைத் திட்டுவாள் என்பதும், மாடிப்படி ஏறும்போது மூட்டுவலியை ஒரு சொந்தக்காரியைக் கூப்பிடுவது போல "வாடியம்மா" என்று கூப்பிடுவாள் என்பதும், துணி காயப்போடும்போது கீர்த்தனையை வார்த்தை மாற்றிப் பாடுவாள் என்பதும், கோயிலில் முழங்காலில் நிற்கும்போது தனக்கென்று எதுவும் கேட்காமல் "இந்த மனுசனுக்குச் சர்க்கரை ஏறாம இருக்கணும்" என்று கேட்பாள் என்பதும் அவருக்கு அந்த ஸ்பீக்கர் சொல்லித்தான் தெரிந்தது. பாட்டுப் போடுவதையே விட்டுவிட்டார். எப்சிபா வாசலைத் தாண்டினதும் நாற்காலியை இரண்டு பெட்டிக்கும் நடுவில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார்.

இதில் ஒரே ஒரு கோளாறு. உப்புக்காற்று.

ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒயரின் தோலை உரித்து, வெறும் கம்பியை முறுக்கி, திருகில் சுற்றி வைத்திருந்தார். அந்த ஊரில் எல்லாரும் செய்கிற வேலைதான், பாட்டுக்கு அது போதும். குரல் அதற்குள் குடிவந்த பிறகு கம்பியில் பச்சைக் களிம்பு ஏற ஏற ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தது. முதலில் போனது சிரிப்பு. எப்சிபா சண்முகவடிவோடு உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வருகிறது, பெட்டியில் சத்தம் இல்லை. ஜெயசிங் பதறிப்போய்ப் பச்சை பிடித்த துண்டைக் கடித்துத் துப்பிவிட்டுப் புதிதாக உரித்து மாட்டினார், சிரிப்பு மீதியைச் சிரித்து முடித்தது. ஆனால் இரண்டு வாரத்தில் திரும்பவும் பச்சை. வேறு ஒயரா இல்லை என்று பால்பாண்டி சுருள் சுருளாகக் கொண்டுவந்தான். எதில் மாட்டினாலும் பாட்டு வந்தது, எப்சிபா வரவில்லை. அந்தக் கப்பல் ஒயரில் மட்டும்தான் அவள் ஓடுவாள், அந்தக் கப்பல் ஒயரோ கடிக்கக் கடிக்கக் குறைந்துகொண்டே வந்தது. ஒயர் தீர்ந்தால் எப்சிபாவின் குரலும் தீர்ந்தது என்பது ஜெயசிங்குக்கு நன்றாகப் புரிந்தது.

ஆகவே பச்சை ஏறாமல் இருக்க ஒயர் முனைக்கு எதைப் போடுவது என்பது தெருவின் பிரச்சினை ஆயிற்று. டீக்கடையில் அதே பேச்சு, சலூனில் அதே பேச்சு. கவட்டை மாதிரி இருக்கிற ஸ்பேடு முனையைப் போட்டுத் திருகை இறுக்கினால் ஆடாது, அசையாது என்று கப்பல் சாமான் கடைக்காரர் சொன்னார். போட்டார்கள். ஆடாமல்தான் இருந்தது, ஆனால் லாரிக்காரனை ஒருதரம் ஏசினதும் குரலின் அதிர்ச்சியிலேயே திருகு தளர்ந்து, அதற்குப் பிறகு எப்சிபா அன்பாகப் பேசினாலும் வண்டு பறக்கிற சத்தத்தோடு வந்தது. மெல்லிசாக இருக்கிற ஊசி முனையைப் போட்டுப் பார்த்தார்கள். அதில் குரலும் மெலிந்து, மரியாதை கூடி, "தயவுசெய்து கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று பெட்டி சொன்னதைக் கேட்டுச் சண்முகவடிவு அழுதே விட்டாள். "எங்க மைனி இந்த மாதிரி ஒரு நாளும் பேசினதில்ல அண்ணாச்சி, முதல்ல அதக் கழட்டுங்க" என்றாள்.

கடைசியில் மதுரையிலிருந்து தங்கமுலாம் போட்ட பனானா பிளக் வந்தது. ஒயரின் நுனியை அதற்குள் விட்டு முடுக்கி, பிளக்கை ஸ்பீக்கரின் ஓட்டையில் சொருகினால் 'டப்' என்று உட்கார்ந்துகொண்டது. எப்சிபா "ம்" என்றாள். அந்த ஒரு "ம்"மில் ஹாலே நிறைந்தது, ஜெயசிங்குக்குக் கை ரோமம் நட்டுக்கொண்டது. தெரு முழுக்க வந்து கேட்டுவிட்டு, இதுதான், இதுக்கு மேல என்ன வேணும் என்று கலைந்தது. தங்கத்தை உப்பு தொடவில்லை என்பது சரிதான். ஆனால் தங்கத்துக்குப் பின்னால், ஒயர் நுழைகிற இடுக்கு வழியாக அது பூந்துவிட்டது; மாசக் கடைசியில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சை.

"அண்ணாச்சி, இனி ஒரே வழிதான்" என்றான் பால்பாண்டி. "முனையும் வேண்டாம், கினையும் வேண்டாம். ஒயரை நேரா டெர்மினல்ல வச்சு ஈயத்தை உருக்கி ஊத்திருவோம். மேல வார்னிஷ். காத்து எங்க போவும்? ஒருக்கா வச்சா வச்சதுதான், பிறகு பிரிக்க முடியாது. உங்க காலம், அக்கா காலம் எல்லாம் முடிஞ்சாலும் குரல் அதுலயே கெடக்கும்."

ஜெயசிங் கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசி வார்த்தையில் நிமிர்ந்தார். போன வருசம் எப்சிபாவுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு நாளும் குளிக்க வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் ஒரு சத்தமும் இல்லை, மோட்டாரை அணைச்சியளா என்று கேட்க ஆள் இல்லை. பாட்டைப் போட்டுப் பார்த்தார், பாட்டும் பிடிக்கவில்லை. அந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அதற்கு ஒரு மருந்து இருக்கிறது என்கிறான் இவன். "ஞாயித்துக்கிழமை வச்சிருவோம்" என்றார். எப்சிபாவிடம், "காத்து பூராம இருக்க ஈயம் வைக்கோம்" என்று மட்டும் சொன்னார், பிரிக்க முடியாது என்பதைச் சொல்லவில்லை. பால்பாண்டி சொன்னதைத்தான் டீக்கடையே சொல்லிக்கொண்டிருந்ததே, அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு, சாப்பாடு முடிந்து, தெரு ஹாலில் கூடியது, ஐயரும் வந்திருந்தார். சண்முகவடிவு சேமியாப் பாயசம் கொண்டுவந்தாள். பால்பாண்டி ஈயம் உருக்குகிற இரும்பைச் சூடு பண்ணினான். ஈயம் வைத்தபின் மாற்ற முடியாது என்பதால், எந்தக் கம்பி சிவப்புத் திருகுக்கு, எந்தக் கம்பி கறுப்புக்கு என்று முதலில் பிளக்கைப் போட்டு ஒருதரம் சரிபார்த்துவிடச் சொன்னான். அந்தக் கப்பல் ஒயரில் ஒன்று செம்புக் கம்பி, இன்னொன்று வெள்ளீயம் பூசினது; பழைய கம்பி, தோலுக்குள்ளேயே கறுத்து இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஜெயசிங் எப்போதும் நாக்கால்தான் பிரிப்பார். பல்லால் தோலை உரித்து, நுனியை நாக்கில் வைத்து, புளிப்பது செம்பு, சப்பென்று இருப்பது வெள்ளீயம் என்று சொல்லிவிடுவார். உப்பில் ஒரு நாளும் பிசகாத நாக்கு. ஆனால் அன்றைக்கு மத்தியானம் மோர்ச்சோற்றுக்குப் புது நார்த்தங்காய் ஊறுகாயை இரண்டு மடங்கு தொட்டுக்கொண்டிருந்தார், நாக்கு மரத்துப்போய்க் கிடந்தது. சிவப்புக்குப் போகவேண்டிய கம்பி கறுப்பிலும் கறுப்புக்குப் போகவேண்டியது சிவப்பிலும் போயிற்று.

குரல் வந்தது. ஆனால் பெட்டிக்குள்ளிருந்து வராமல் சுவர்ப் பக்கமாக ஒதுங்கி, வெறும் பானைக்குள் பேசுகிற மாதிரி வந்தது. அதைவிட, எப்சிபா வாயைத் திறக்கவே இல்லை. பாயச டம்ளரைப் பிடித்துக்கொண்டு உதட்டை இறுக்கி நிற்கிறாள், பெட்டி பேசுகிறது. கம்பி புரண்டதும் சொல்வதெல்லாம் உள்ளே போய், சொல்லாதது வெளியே வந்துவிட்டது.

"இந்த மனுசன் என்னைப் பெட்டியில போட்டுப் பூட்டப் பாக்காரு" என்றது குரல். "செத்த பிறவும் நான் பேசணுமாம். எனக்கு ஏலாதுய்யா. காக்காகிட்டப் பேசுனாலும் இவருக்குக் கேக்குது, சாமிகிட்டப் பேசுனாலும் கேக்குது. தெருவுக்கே கேக்கும்படி கத்தத்தான் எனக்கு வாயிருக்குன்னு எல்லாரும் நெனைக்காவ. எனக்குக் குசுகுசுன்னு ஒரு வார்த்தை பேசணும். இவர் காதுகிட்டப் போயி, வேற ஒருத்தருக்கும் கேக்காம, ஒரே ஒரு வார்த்தை."

எப்சிபா வாயைப் பொத்தினாள். பொத்தி என்ன பிரயோசனம், அது வாயிலிருந்தா வருகிறது? டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். ஜெயசிங் ஸ்பீக்கருக்குப் பின்னால் முழங்காலிட்டபடி இருந்தார். அவ்வளவு பேர் நிற்கிறார்கள் என்பதை மறந்து, பெட்டியைப் பார்த்துச் சொன்னார்: "நீ போயிட்டா எனக்கு யாரு எப்சி பேசுவா? எனக்குப் பயமா இருக்குட்டி. அந்த ரெண்டு நாள் மாதிரி இன்னொரு நாள் இருக்க என்னால ஆவாது."

"எனக்கும்தான் பயமா இருக்கு" என்றது குரல். "அதுக்கு நான் போற வரைக்கும் பெட்டியையே பாத்துட்டு இருப்பியளா? நான் இங்க அடுப்படியிலல்லா நிக்கேன்."

ஜெயசிங் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கி, முனையை முறித்துக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு கம்பியையும் சேர்த்துப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்தார். பால்பாண்டி "அண்ணாச்சி!" என்று கத்தினான். ஷாக் ஒன்றும் அடிக்கவில்லை. வெதுவெதுப்பாக ஏதோ ஒயர் வழியே ஏறி நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. அவர் அறிந்த எந்தப் பாத்தியிலும் விளையாத உப்பு அது. அவர் உதட்டை மூடிக்கொண்டார். மூடின உதட்டுக்கு நடுவிலிருந்து ஒயரை உருவிப் போட்டார், ஆம்ப்ளிஃபயரின் விளக்கு தானாக அணைந்தது, எழுந்து நின்றார்.

வாயைத் திறந்தால் போச்சு என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. விழுங்கினாலும் போச்சு. பால்பாண்டி, "இரும்பு காயுது, ஈயம் வைக்கவா வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று வழியை மறித்தான். ஐயர், "ஜெயசிங், நல்லா இருக்கியளா?" என்று தோளைத் தொட்டார். பதில் சொல்லாமல் போனால் மரியாதை இல்லையே என்று வாய் திறக்கப் பார்த்ததை எப்படியோ அடக்கி, கன்னம் இரண்டும் உப்ப, குடம் தளும்பாமல் நடக்கிறவளைப் போல அடிமேல் அடி வைத்து அடுப்படிப் பக்கம் நடந்தார். சண்முகவடிவுக்குத்தான் விசயம் முதலில் புரிந்தது. "ஏல, வழிய விடுங்க! லாரித் தண்ணிய நாம எப்படியாவது புடிச்சுக்கிடலாம், அவங்க குரல அவங்களுக்குக் குடுக்கணும்லா? என்ன பாத்துட்டு நிக்கிய? எல்லாரும் சுவரப் பாத்துத் திரும்புங்க" என்று ஒரு அதட்டுப் போட்டாள். ஐயர் உட்பட எல்லாரும் காலண்டர் மாட்டியிருந்த சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

எப்சிபா அடுப்புமேடையில் சாய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புருசன் கன்னம் உப்பி வந்து நிற்பதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, சத்தமில்லாத சிரிப்பு. அவர் கையால் அவள் முகத்தைப் பிடித்தார். ஒரு நொடி அவருக்கு மனசு வரவில்லை. கொடுத்துவிட்டால் இது அவள் தொண்டையில் இருக்கும், சளி பிடிக்கும், கரகரக்கும், வயசாகும், அவள் போகிற அன்றைக்கு அவளோடேயே போய்விடும், ஒரு எழுத்துக்கூட மிஞ்சாது. அது தெரிந்துதான் குனிந்தார். வாயோடு வாய் வைத்துக் கொடுத்தார்.

எப்சிபா ஒரு மிடறு விழுங்கினாள். இருமினாள். அவள் இருமல் அவள் நெஞ்சிலிருந்து வந்ததைக் கேட்டு ஹாலில் இருந்தவர்கள் சுவரைப் பார்த்தபடியே கை தட்டினார்கள். இனி தெருமுனைக்கே கேட்க ஒரு சத்தம் போடுவாள் என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் வரவில்லை. எட்டிக் கால்விரலில் நின்று, ஜெயசிங்கின் காதோரம் வாயைக் கொண்டுபோய், கையால் மறைத்துக்கொண்டு, எப்சிபா குசுகுசுவென்று ஏதோ சொன்னாள். அது என்னவென்று சிப்பிக்கூடத் தெருவில் இன்றைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது, சண்முகவடிவுக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயசிங் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியாக் கேக்கல எப்சி" என்றார். "இன்னொரு தரம் சொல்லு."

அவருக்கு முதல் தரமே நன்றாகக் கேட்டிருந்தது.